மைக்ரேன் தடுப்பு மாத்திரை: முதல் இரண்டு மாதம்

ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கத் தினமும் போடும் மாத்திரைகளில் தொல்லை முதல் வாரமே வந்துவிடும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலர் மாத்திரை அட்டையை அலமாரியில் போட்டுவிட்டு, "எனக்கு ஒத்துக்கல" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. ஆனால் பல நேரம் அளவை அவசரமாக ஏற்றியதுதான் காரணம்.

அதிகம் பேரைப் பயமுறுத்துவது டோபிரமேட். வழக்கமாக இரவில் 25 மி.கி.யில் தொடங்கி, வாரத்துக்கு 25 மி.கி. கூட்டி, காலை 50, இரவு 50 என்ற அளவோடு ஏற்றுவதை நிறுத்திக்கொள்வார்கள். முதல் சில நாட்களிலேயே விரல் நுனியிலும் பாதத்திலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வது போல மதமதப்பு வரும். பக்கவாதத்தின் ஆரம்பமோ என்று பதறுகிறவர்கள் நிறைய. இந்த மருந்து கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. மதமதப்புக்கு அதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. இரண்டு கையிலும் இரண்டு காலிலும் வந்து வந்து போனால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு பக்கம் மட்டும் மரத்து, கை தூக்க முடியாமலோ வாய் கோணியோ போனால் அது மாத்திரையின் வேலை இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பொட்டாசியம் உள்ள இளநீர், வாழைப்பழம் சாப்பிட்டால் மதமதப்பு குறைவதாகச் சிலர் சொல்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முயல வேண்டாம். சோடா, கோலா எல்லாம் திடீரென்று சப்பென்று, உலோகச் சுவையோடு இருப்பதற்கும் அதே நொதிதான் காரணம். பாட்டில் கெட்டுப்போகவில்லை.

மதமதப்பை விடத் தொந்தரவு, சொல் வராமல் போவது. காய்கறிக் கடையில் கொத்தமல்லிக் கட்டைக் கையில் பிடித்திருப்பார்கள், பெயர் மட்டும் வாயில் வராது. கணக்கு எழுதுகிறவர்கள், பாடம் நடத்துகிறவர்களுக்கு இது பெரிய அடி. இதைச் சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் மூன்று விஷயம் கேட்கலாம்: ஒவ்வொரு 25 மி.கி.க்கும் இடையே ஒரு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரம் விடலாமா, பகல் அளவின் ஒரு பகுதியை இரவுக்கு மாற்றலாமா, 50 அல்லது 75-லேயே நின்று பார்க்கலாமா. எல்லோருக்கும் 100 தேவைப்படுவதில்லை. அளவைக் குறைத்தால் பொதுவாகச் சொற்கள் திரும்பி வந்துவிடும். மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள், வாயெல்லாம் கசக்கும், 25 மி.கி. மாத்திரையாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறுநீரகக் கல்லுக்கும் வாய்ப்பு உண்டு. முன்பு கல் வந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கும் அளவுக்குத் தண்ணீர் குடித்தால் போதும், சுமார் இரண்டரை லிட்டர். இந்த மருந்து வியர்வையையும் குறைக்கும். சித்திரை வெயிலில் வியர்க்காமல் உடம்பு மட்டும் கொதித்தால், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, உடனே நிழலுக்கு வந்து, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தள்ளிப்போடக் கூடாதது கண். தொடங்கிய முதல் மாதத்துக்குள் திடீரென்று தூரத்துப் பார்வை மங்கினாலோ, கண் சிவந்து வலித்தாலோ அன்றைக்கே கண் டாக்டரைப் பார்த்து, "டோபிரமேட் போடுகிறேன்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கலாம், தாமதித்தால் பார்வை போகும். வாழ்க்கையே வெறுத்துப் போகும் எண்ணம் வந்தாலும் காத்திருக்காதீர்கள், வீட்டில் ஒருவரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் மாத்திரையைத் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். டோபிரமேட்டால் குழந்தைக்கு உதடு, அண்ணப் பிளவு வரலாம். இன்னொரு தடுப்பு மருந்தான சோடியம் வால்ப்ரோயேட் அதைவிட மோசம்: தண்டுவடக் குறைபாடு வரலாம், குழந்தையின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கலாம். கர்ப்பமாகும் வாய்ப்புள்ள ஒரு பெண்ணுக்குத் தலைவலித் தடுப்புக்காக வால்ப்ரோயேட் எழுதப்பட்டிருந்தால், வேறு மருந்து இருக்கிறதா என்று கேட்பது அவருடைய உரிமை.

ப்ரோப்ரனலோல் போடுகிறவர்கள் சோர்வு, கை கால் சில்லிடுவது, கெட்ட கனவு என்பார்கள். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 வினாடி நாடி எண்ணி இரட்டிப்பாக்குங்கள். 50-க்குக் கீழே போனால் அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரிடம் பேசுங்கள். ஆஸ்துமா இருந்தால் இந்த மருந்தே கூடாது. இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பு தெரியாமல் போகும், வியர்ப்பதுதான் முக்கிய அடையாளம். வலி வந்ததும் ரிசாட்ரிப்டான் போடும் பழக்கம் இருந்தால் 10 மி.கி. வேண்டாம், 5 போதும். ப்ரோப்ரனலோல் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

அமிட்ரிப்டிலினில் காலை மந்தம்தான் முதல் புகார். படுக்கும்போது போடாமல் இரண்டு மணி நேரம் முன்பே, எட்டு மணிக்குப் போட்டுப் பாருங்கள். 10 மி.கி.யில் தொடங்கினால் பாதிப் பிரச்சினை வராது. வாய் வறட்சிக்கு மிட்டாய் சப்பினால் பல் சொத்தையாகும்; தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள், அல்லது சர்க்கரை இல்லாத சூயிங் கம் மெல்லுங்கள். புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும்.

ஃப்ளூனரிசின் நம் ஊரில் தாராளமாக எழுதப்படுகிறது. தூக்கமும் எடையும் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். மனச்சோர்வைக் கிளப்பும் என்பதைப் பலர் சொல்வதில்லை, அதுதான் வருத்தம். முன்பு மனச்சோர்வு இருந்தவர்களுக்கு இது வேண்டாம். வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் நடையில் மெதுவும் வந்தால், பார்க்கின்சன் என்று புது மாத்திரை சேர்ப்பதற்கு முன் இதை நிறுத்திப் பார்க்க வேண்டும். உடம்பிலிருந்து வெளியேற வாரக்கணக்கில் ஆகும், அதனால் நிறுத்திய மறுநாளே சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எந்த மாத்திரையாக இருந்தாலும் ஒரு நோட்டில் தேதி, அளவு, வலி வந்ததா, வலி மாத்திரை போட்டதா என்று எழுதி வையுங்கள். சாதாரண வலி மாத்திரை மாதம் 15 நாளுக்கு, ரிசாட்ரிப்டான் போன்ற ட்ரிப்டான் வகை 10 நாளுக்கு எட்டினால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். அப்போது தடுப்பு மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதீர்கள்.

நிறுத்துவதும் படிப்படியாகத்தான். ப்ரோப்ரனலோலைச் சட்டென்று விட்டால் படபடப்பும் நெஞ்சு வலியும் வரலாம், இரண்டு வாரமாவது எடுத்துக் குறைக்க வேண்டும். டோபிரமேட்டை வாரத்துக்கு 25 மி.கி. வீதம் இறக்கலாம். இறக்கும் வாரங்களில் நோட்டை விடாதீர்கள்: வலி நாட்கள் மறுபடி ஏறினால் எந்த அளவில் ஏறியது என்று அதிலேயே தெரியும், டாக்டரைக் கேட்டு அதற்கு முந்தைய அளவுக்குத் திரும்பிப் போகலாம்.