சீன் 47: ஒரு மார்ச் மாத நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

இந்த இணைய எழுத்துக் கூடலுக்கு வர ஆரம்பித்து மூன்றாவது வாரம். நடைமுறை ரொம்ப எளிது. முதல் ஐந்து நிமிடம் ஆளுக்கு ஒரு வாக்கியம்: இன்று எதை எழுதப் போகிறேன். அப்புறம் எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டு 25 நிமிடம் எழுத வேண்டும். ஐந்து நிமிட இடைவெளி, மறுபடி ஒரு 25. கடைசிப் பத்து நிமிடத்தில் எவ்வளவு ஆயிற்று என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். மொத்தம் 70 நிமிடம்.

இந்த 25 நிமிடக் கணக்கு 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவில் இருந்த ஒரு சமையலறை டைமரை வைத்துப் படிக்கத் தொடங்கியதிலிருந்து வந்தது. அவர் அதைத் தனியாக, தனக்காக வைத்துக்கொண்டார். தனியாக டைமர் வைத்தால் நான் மூன்றாவது நிமிடத்தில் எழுந்து போய்விடுவேன். ஏழு பேர் திரையில் குனிந்து உட்கார்ந்திருக்கும்போது எழுந்து போக ஒரு கூச்சம். என் விஷயத்தில் முக்கால்வாசி வேலையை அந்தக் கூச்சம்தான் செய்கிறது.

கூடலை நடத்தும் அக்கா அமெரிக்காவில் இருக்கிறார், அவருக்கு இரவு 8 மணி. எனக்குக் காலை 6:30. லண்டனில் திகில் கதை எழுதுகிற ஒருவர் இருக்கிறார், அவருக்கு இரவு 1 மணி. அந்த நேரத்துக்கு வேறு எதை எழுத முடியும் என்று கேட்பார்.

"இன்னைக்கு சீன் 47" என்று சொன்னேன். என் திரைக்கதையில் அண்ணன், தம்பியிடம் கேட்காமலே பூர்வீக வீட்டை விற்கக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அதைத் தம்பியிடம் சொல்லும் சீன் அது. 25 நிமிடமும் சீன் 46-ஐ மெருகேற்றினேன்.

மார்ச் 4, செவ்வாய்

"சீன் 47" என்றேன். சீன் 12-இல் ஒரு கதாபாத்திரத்தின் பெயரை மாற்றினேன். மாற்றிய இடங்களையெல்லாம் சரிபார்க்க ஒரு ரவுண்டு முழுதும் போயிற்று. உபயோகமான வேலைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

இன்று கடைசிப் பத்து நிமிடம் கணக்கு பற்றிய பேச்சிலேயே போனது. நாவல் எழுதுகிறவர்கள் ஒரு ரவுண்டுக்கு 400 வார்த்தை, 500 வார்த்தை என்று சொல்லிக்கொள்ளலாம். திரைக்கதைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஆங்கில வடிவத்தில், கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் எழுதினால் ஒரு பக்கம் சுமார் ஒரு நிமிடப் படம் என்பார்கள். அதுவும் கைக்கணக்குதான். பரபரவென்ற வசனம் ஒரு பக்கத்துக்கு முக்கால் நிமிடம்கூட ஓடாது. "ஊர் பற்றி எரிகிறது" என்று ஒரே வரி எழுதினால் அது திரையில் நாலு நிமிடம் ஓடும். பக்கத்தில் பாதி வெற்றிடம் வேறு.

குழுவில் உதவி இயக்குநராக இருந்த ஒருவர் எப்போதும் எட்டில் பங்கு கணக்குதான் சொல்வார். படப்பிடிப்புக்குத் திட்டம் போடும்போது ஒரு பக்கத்தை எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு சீனும் அதில் எத்தனை பங்கு என்று அளப்பது வழக்கம். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. "இன்னைக்கு அஞ்சு எட்டில்" என்பார். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எனக்கு அந்த அளவு பிடித்துவிட்டது. ஒரு பக்கம்கூட முடிக்கவில்லையே என்று குன்றிப்போகிற நாளில், மூன்று எட்டில் என்று சொல்ல முடிகிறது.

வெட்டியதும் கணக்கில் சேரும் என்று அக்கா சொன்னார். இன்று ஒருவர் "மைனஸ் ரெண்டு பக்கம்" என்றார். கைதட்டு அவருக்குத்தான் அதிகம்.

நான் சீன் 31-இல் இருந்தேன். திகில்காரர் கிளம்பும் முன்பு கேட்டார்: "நேத்தும் 47தானே சார் சொன்னீங்க?" கிண்டல் எதுவும் இல்லை. குறிப்பு எடுத்து வைத்திருக்கிறார் மனுஷன்.

மார்ச் 7, வெள்ளி

வெள்ளிக்கிழமை ஒரே ரவுண்டு, மீதி நேரம் வாசிப்பு. ஒருவர் கொண்டுவந்த ஐந்து பக்கத்தை மற்றவர்கள் பாத்திரம் பிரித்துக்கொண்டு வாசிக்க வேண்டும். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. இன்று திகில்காரரின் பக்கங்கள். எனக்குப் பிணம் வேடம், இரண்டே வசனம். எழுதியவருக்கு மட்டும் தெரிந்த நக்கல் ஒன்று மற்றவர் வாயில் வந்தபோது யாருக்கும் புரியவில்லை. வாசித்தவர் அந்த இடத்தில் தடுக்கி நின்றார். அந்தத் தடுக்கலே போதும், விமர்சனம் எதுவும் தேவைப்படவில்லை. எழுதியவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தது திரையில் தெரிந்தது.

டிவி தொடர் எழுதுகிறவர்களுக்கு, பல பேர் சேர்ந்து உட்கார்ந்து கதை பேசி எழுத, எழுத்தாளர் அறை என்று ஒன்றாவது உண்டு. 2023-இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்த அறையில் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. முழுநீளப் படத்தைத் தனியாக எழுதுகிறவனுக்கு அப்படி அறையும் இல்லை, கோரிக்கை வைக்க ஆளும் இல்லை. மாதக்கணக்கில் இல்லாத மனிதர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம். வாரத்தில் ஒரு நாளாவது அந்த வசனம் இன்னொரு தொண்டையிலிருந்து வர வேண்டாமா?

மார்ச் 10, திங்கள்

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

வழக்கம்போல 6:30-க்குப் போனால் எல்லோரும் "பை, பை" சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அது நேற்று. அக்காவுக்கு அதே 8 மணி, எனக்கு அது 5:30 ஆகிவிட்டது. எங்கள் கடிகாரம் எந்த மாதமும் நகராது, அதனால் எனக்கு இது தோன்றவே இல்லை. அக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டு, அறையைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார்.

என்னைப் போலவே ஏமாந்து உள்ளே வந்தவர் இன்னொருவர், சிங்கப்பூரில் தொடர் எழுதுகிறவர். அங்கேயும் கடிகாரம் நகராது. இரண்டே சதுரங்கள். "வந்ததுக்கு ஒரு ரவுண்டு எழுதிட்டுப் போலாமா?" என்றார். நான் பழக்க தோஷத்தில் "சீன் 47" என்றேன்.

அவர் டைமரைத் தொடவில்லை. "ஒரு வாரமா அதையே சொல்றீங்க. அந்த சீன்ல என்ன நடக்குது?"

சொன்னேன். அண்ணன் உண்மையைச் சொல்ல வேண்டும், அவன் வாயைத் திறந்தாலே பிரசங்கமாகிறது, தம்பி கத்துகிறான், எல்லாம் ஏற்கெனவே பார்த்த சீனாக இருக்கிறது.

"தம்பிக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது" என்றேன். சொன்ன பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவரும் மேலே ஒன்றும் கேட்கவில்லை, டைமரைத் தட்டிவிட்டு மைக்கை அணைத்துவிட்டார்.

ஒரு பக்கம் மூன்று எட்டில். தம்பிக்குத் தெரியும். அவன் அதைச் சொல்லவில்லை. கூரை ஒழுகுவதைக் காட்டி, "அடுத்த மழைக்குள்ள இதைச் சரி பண்ணிடலாமாண்ணா?" என்று கேட்கிறான். அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பண்ணிடலாம்" என்கிறான். அவ்வளவுதான் சீன். கையெழுத்து என்ற வார்த்தையே அதில் இல்லை.

மார்ச் 12, புதன்

இனி 5:30. எழுந்திருப்பது கொடுமையாக இருக்கிறது.

திங்கட்கிழமை நடந்ததை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உளவியலாளர் ராபர்ட் ஸையான்ஸ் 1965-இல் ஒரு கட்டுரை எழுதினார்: பக்கத்தில் ஆள் இருந்தால் நன்றாகப் பழகிய வேலை வேகமாக நடக்கும், புதிதாகக் கற்க வேண்டிய வேலை தடுமாறும் என்று. 1969-இல் அதைக் கரப்பான்பூச்சிகளை வைத்தே சோதித்தார்கள். மற்ற கரப்பான்பூச்சிகள் பார்த்துக்கொண்டிருந்தபோது நேர்பாதையில் ஓடியவை வேகமாக ஓடின. வளைந்து திரும்ப வேண்டிய பாதையில் மெதுவாகிவிட்டன.

நானும் அந்த இனம்தான் என்று நினைக்கிறேன். சீனில் என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டால், ஏழு பேர் நடுவில் உட்கார்ந்து தட்டுவது போல வேறெதுவும் இல்லை. தெரியாதபோது அந்த ஏழு பேரின் அமைதியில் சீன் 12-இன் பெயர்களை மாற்றிக்கொண்டிருப்பேன். முடிச்சு இருந்தால் அதற்கு ஒரே ஒரு ஆள் வேண்டும், அதுவும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிற ஆள். இதை அக்காவிடம் சொன்னேன். இடைவெளி ஐந்து நிமிடத்தில் இருவர் இருவராகப் பிரித்துவிடலாம் என்றார். ஜூமில் அதற்கு வசதி இருக்கிறது. ஒரே நிபந்தனை: கேள்வி கேட்கலாம், தீர்வு சொல்லக் கூடாது.

மார்ச் 18, செவ்வாய்

அந்த நிபந்தனை எதற்கு என்று இன்று தெரிந்தது. புதிதாக வந்தவர் ஆளுக்கு ஒரு வாக்கியம் என்ற இடத்தில் தன் கதையை ஒன்லைனிலிருந்து ஆரம்பித்து கிளைமாக்ஸ் வரை கொண்டுபோனார். இருபது நிமிடம். கதை நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கஷ்டம். கூட இரண்டு பேர் "ஹீரோ போலீஸா இருந்தா?" என்று சேர்ந்துகொண்டார்கள். முதல் ரவுண்டு அவுட். யாரும் ஒரு வரி எழுதவில்லை, ஆனால் எல்லோருக்கும் வேலை செய்த திருப்தி. நான் இப்படி எத்தனை வருடம் பேசியே கழித்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன், வேண்டாம்.

மார்ச் 21, வெள்ளி

மூன்று நாளாகக் காலையில் தலைவலி. திரையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது இன்றுதான் உறைத்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லென்சன் 2021-இல் வீடியோ சந்திப்புக் களைப்புக்குச் சொன்ன நாலு காரணங்களில் இதுவும் ஒன்று. நமக்கு மட்டும் நம் சதுரத்தை மறைத்துக்கொள்ளலாம், மற்றவர்களுக்கு நாம் தெரிவோம். மறைத்துவிட்டேன். ஒரு பக்கம் ஒரு எட்டில்.

மார்ச் 27, வியாழன்

திங்களிலிருந்து போகவில்லை. ஒரு தயாரிப்பாளரிடம் கொடுத்திருந்த பழைய ஸ்கிரிப்ட் திரும்பி வந்தது. படித்த மாதிரியே தெரியவில்லை. மடிக்கணினியைத் திறக்கவே பிடிக்கவில்லை.

இன்று மதியம் சிங்கப்பூர்க்காரரிடமிருந்து செய்தி. என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா, ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணன் ஏணியை விட்டு இறங்கிட்டானா?" என்று மட்டும்.

மார்ச் 28, வெள்ளி

இறங்கிவிட்டான். சீன் 58, ஆறு எட்டில்.

மார்ச் 31, திங்கள்

நாலரைக்கே போன் அதிர்ந்தது. குழுவில் திகில்காரர்: "யாராவது இருக்கீங்களா? அறை திறக்கலையே?"

ஐரோப்பாவில் மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறுதான் கடிகாரத்தை நகர்த்துவார்கள். அது நேற்று. மூன்று வாரமாக நள்ளிரவு 12-க்கு எழுதிப் பழகியவர், அதே 12-க்கு வந்து நிற்கிறார். கூடல் அவருக்கு மறுபடி 1 மணிக்குப் போய்விட்டது.

எப்படியும் தூக்கம் போயிற்று. என் கணக்கிலேயே ஒரு அறையைத் திறந்து இணைப்பை அனுப்பினேன். இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான் கிடைக்கும், ஒரு ரவுண்டுக்குத் தாராளம். இருட்டில் விளக்கை மட்டும் முகத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு அவர் உள்ளே வந்தார். அவர் பிணம் இன்னும் எழுந்திருக்கவில்லையாம்.

"நீங்க எந்த சீன் சார்?"

"63" என்றேன். மைக்கை அணைத்தோம்.