அப்பாவின் 120 ஒய்க்குக் கரண்ட் ஃபேன் மாட்டிய கதை

அப்பா விட்டுப்போன டட்சன் 120 ஒய், 1977 மாடல். ஹைவேயில் சமர்த்து. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ ஜேமில் கால் மணி நேரம் நின்றால்தான் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். காடியைக் குறை சொல்ல முடியாது. அப்பா காலத்தில் இந்த ஜேமும் இல்லை, ரேடியேட்டருக்கு முன்னால் ஏர்கோன் கண்டென்சரும் இல்லை. இன்ஜினோடு சுற்றும் ஃபேன் அது. 700, 800 ஆர்பிஎம்மில் இன்ஜின் தூங்கும்போது அதுவும் தூங்கும்.

முதலில் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுத்தேன். அடைத்த ரேடியேட்டருக்கு எந்த ஃபேன் வைத்தும் புண்ணியமில்லை.

செகாம்புட் பக்கம், பழைய காடிகளைப் பிரித்து விற்கும் ஒரு பொட்டோங் கடையில் கஞ்சில் என்ற சின்னக் காடியின் கரண்ட் ஃபேன், கூட்டோடு 60 வெள்ளி. பேட்டரியில் தொட்டு ஓட்டிக் காட்டினார் கடைக்காரத் தவுக்கே. கூடு இல்லாத வெறும் ஃபேன் வேண்டாம். பிளேடுக்கு நேரே மட்டும் காற்று இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். ரேடியேட்டருக்குள் பிளாஸ்டிக் டை செருகிக் கட்டுகிறவர்களும் உண்டு. அதிர்வில் உரசி உரசி ஒருநாள் ஒழுகும். நான் அலுமினியப் பட்டை இரண்டை வளைத்து ரேடியேட்டர் போல்ட்டிலேயே பிடித்தேன்.

பழைய ஃபேனைக் கழற்றப் பத்து நிமிடம்தான். வம்பு அதற்குப் பிறகு. ஃபேனும் வாட்டர் பம்ப் புல்லியும் ஒரே நான்கு நட்டில் நிற்பவை. ஃபேனை எடுத்ததும் அதன் தடிப்பு போய்விட்டது; நட்டு மரை முடியும் இடத்தில் முட்டி நின்றதை இறுகிவிட்டது என்று நினைத்துவிட்டேன். ஸ்டார்ட் செய்ததும் புல்லி ஆடியது, பெல்ட் கீச்சிட்டது. அதே தடிப்புக்கு வாஷர் அடுக்கிய பிறகுதான் அடங்கியது.

வயரிங்கிற்கு செந்தூல் வயர்மேன் அண்ணனைக் கேட்டேன். "தம்பி, ரிலே இல்லாம மட்டும் குடுக்காத, சுவிட்ச் கருகிடும்" என்றார். சுவிட்ச் தரும் சின்னக் கரண்டில் ஃபேனின் பெரிய கரண்டை இணைத்துவிடும் பெட்டிதான் ரிலே. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் காலுக்கு, 87இலிருந்து ஃபேனுக்கு. 86க்கு இக்னிஷன் கரண்ட். 85, சூடு ஏறினால் தானே இணைக்கும் தெர்மோ சுவிட்ச் வழியாக எர்த். ஏர்கோன் போட்டாலே ஃபேன் ஓட, கம்பிரசர் வயரிலிருந்து இன்னொரு ரிலே.

சுவிட்சை மேல் ஹோஸில் அலுமினிய அடாப்டர் வைத்துப் பொருத்தினோம். 92 டிகிரியில் ஓடும், 87இல் நிற்கும். முதல் நாள் முள் ஏறியது, ஃபேன் அசையவே இல்லை. அரை மணி நேரம் ரிலேயைத் திட்டினேன். அடாப்டரின் இரண்டு பக்கமும் ரப்பர் ஹோஸ், தன் உடம்பு வழியாகவே எர்த் எடுக்கும் ஒற்றைக்கால் சுவிட்சுக்கு அது எங்கிருந்து வரும்? அடாப்டரிலிருந்து பாடிக்கு ஒரு வயர் இழுத்ததும் ஃபேன் சுற்றியது.

சுற்றியதே தவிர சூடு இறங்கவில்லை. பேப்பரில் ஒரு துண்டு கிழித்து கிரில் முன்னால் பிடித்தேன். ஒட்டிக்கொள்ள வேண்டியது, முகத்தில் வந்து அடித்தது. ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது! வயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தேன். பேப்பர் கிரில்லில் பச்சென்று ஒட்டியது.

போன ஞாயிறு பத்துமலைப் பக்கம் ஜேமில், ஏர்கோனோடு நாற்பது நிமிடம். முள் பாதியைத் தாண்டவில்லை. பெட்ரோல் மிச்சமா என்று கேட்கிறார்கள். எனக்கொன்றும் தெரியும்படி இல்லை. இரவில் லைட் போட்டு நிற்கும்போது ஃபேன் கிளம்பினால் ஹெட்லைட் ஒரு நொடி மங்குகிறது. அல்டர்னேட்டர் பார்க்க வேண்டும், அடுத்த சம்பளத்தில்.