பு. வசம்

ஜூன் 3
சாரல் இறங்கிவிட்டது. பெட்டிகளை இன்னும் காயப்போடவில்லை.

ஜூன் 5
மே மாதம் கடைசி ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் அதுதான் திருவிழா. மொட்டை மாடியில் பாய் விரித்து, நாலு மூலையிலும் கம்பு நட்டு, மேலே வேட்டியைப் பந்தலாகக் கட்டி, அப்பா ஒவ்வொரு காமிக்ஸ் புத்தகமாக எடுத்து வைப்பார். நேர் வெயில் படக் கூடாது, அட்டையின் சிவப்பு முதலில் வெளுத்துவிடும். காற்று மட்டும் பட வேண்டும். சின்னவன் காக்கா விரட்டுவான். பெரியவள் எண்ணுவாள். மொத்தம் 611.

இந்த மே முழுக்க, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரி வராண்டாவில் போய்விட்டது. மாடிப்படி யாரும் ஏறவில்லை.

இன்று முதல் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பாச்சா உருண்டை, வசம்பு, பழுத்த தாள், மூன்றும் சேர்ந்த அந்த வாசனை. அதற்கு அடியில் புதிதாக ஒரு புழுங்கல் நாற்றம். அடியில் இருந்த ஒரு புத்தகத்தைப் பிரித்தால் முதுகுப் பக்கத்தில் வெள்ளியாக ஒரு கோடு ஓடி மறைந்தது. ராமபாணம். தாளை ஓட்டை போடாமல் மேலோட்டமாகச் சுரண்டித் தின்றிருக்கிறது. குதிரை இருக்கிறது, குதிரைமேல் இருந்த ஆளின் முகம் இல்லை.

அம்மா கோணி ஊசியும் சணல் நூலும் வைத்துத் தைத்து, மைதாப் பசை காய்ச்சி அட்டை ஒட்டிய புத்தகங்கள் இவை. பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும் என்று தென்காசியில் ஒரு பைண்டர் சொல்லிக்கொடுத்தாராம். போட்ட புத்தகத்தைப் பூச்சி தொடவில்லை. மறந்துபோன புத்தகத்தைத்தான் தேடித் தின்றிருக்கிறது.

ஜூன் 6
முன்னறை முழுக்கப் புத்தகம். இவர் இரண்டு டேபிள் ஃபேன் வைத்திருக்கிறார். ஜீனோவை வெளியே கட்டினோம், ஈரக் காலோடு மிதித்துவிடும் என்று. அது மழையைப் பார்த்து அழுகிறது. சுஜாதாவின் ஜீனோ இயந்திர நாய், அதற்கு ஈரக் கால் கிடையாது என்று சொல்லிவிட்டு இவரே போய் அவிழ்த்துவிட்டார்.

ஜூன் 9
அப்பாவின் பேரேடு கிடைத்தது. பிரானூர் மரக்கடையில் கணக்கு எழுதிய அதே நீள நோட்டு, அதே கையெழுத்து. தேக்கு, வேங்கை, கன அடி என்று எழுதிய கை, வீட்டுக்கு வந்து மு.கா., லா.கா., ரா.கா. என்று எழுதியிருக்கிறது. முத்து, லயன், ராணி காமிக்ஸ். வாங்கிய இடம், விலை, தாளின் நிலை. இரவல் போனால் சிவப்பு மையில் பெயர், திரும்பி வந்தால் பச்சை மையில் ஒரு கோடு. முப்பத்தெட்டு பக்கம் புரட்டினேன், பச்சைக் கோடு இல்லாத சிவப்பு ஒன்றே ஒன்றுதான்.

முதல் பக்கம், முதல் வரி.
மு.கா. 1. இரும்புக்கை மாயாவி. 1972. சிவகாசி. நன்று.
அதன்மேல் சிவப்பில்: பு. வசம்.

தேதி இல்லை. அப்பா தேதி போடாமல் எதையும் எழுதுகிறவர் இல்லை.

ஜூன் 10
பு. என்றால் ஆளா, ஊரா? புளியரையா, புதூரா, புனலூரா? கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார். அந்த ஒரு வார்த்தைதான் இல்லை.

ஜூன் 14
பிசியோ தம்பி இன்று கைக்குக் கரண்ட் வைத்தார். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு பட்டை ஒட்டி, திருகைத் திருப்பத் திருப்ப, ஆறு வாரமாகச் செத்துக் கிடந்த விரல்கள் தானாக விரிந்தன. அப்பா அதை வேறு யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "தாத்தா மறைஞ்சிருவாங்களா?"

பிசியோ தம்பிக்குப் புரியவில்லை. எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. மாயாவிக்கு வலது கை சோதனைச்சாலை விபத்தில் போய் இரும்புக்கை வந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், கை மட்டும் காற்றில் தெரியும். அம்மா "ஏலே, வாயை மூடு" என்றாள். ஆனால் அப்பா சிரித்தார். இடப்பக்கம் மட்டும் இழுத்த சிரிப்பு. ஊருக்கு வந்த பிறகு முதல் சிரிப்பு.

ஜூன் 17
பேச்சுப் பயிற்சி அம்மா படங்களைக் காட்டினார். தம்ளர், சாவி, சட்டி, குடை. எல்லாவற்றுக்கும் "அது வந்து" என்றார் அப்பா. தெரிகிறது. சாவி படத்துக்குக் கையைத் திருகிக் காட்டினார். பெயர்தான் வரவில்லை. மூளையின் இடப்பக்கம் அடிபட்டதால் வலது கையும் பேச்சும் சேர்ந்து போயிருக்கிறதாம்.

ஆனால் ஒன்று, இரண்டு என்று எடுத்துக் கொடுத்தால் இருபது வரை தடங்கலில்லாமல் வருகிறது. ஞாயிறு என்றால் சனி வரை போகிறார். நடுவில் நிறுத்தி "இன்னிக்கு என்ன கிழமை" என்றால் இல்லை. வரிசையாகப் பழகினது தனியாக நிற்குமாம், பாட்டு கூட வரலாமாம். வீட்டில் வரிசையாக எது பழக்கமோ அதைச் சொல்ல வையுங்கள் என்றார்.

ஜூன் 18
ஞாயிறு முதல் சனி வரை, ஒன்பது தடவை.

ஜூன் 22
சின்னவன் தாத்தாவின் வலது கையில் கட்டியிருந்த ஸ்பிளிண்ட் முழுக்கச் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றிவிட்டான். தூங்கிக்கொண்டிருந்தபோது. விரல் விரலாக, கணு கணுவாக, ஸ்கெட்ச் பேனாவில் ஆணிகூட வரைந்திருந்தான். அப்பா கண் விழித்துப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். நிறுத்த முடியாத அழுகை. நான் சின்னவன் முதுகில் அறைந்துவிட்டேன். இதுவரை அடித்ததில்லை.

ஜூன் 23
அவன் சாப்பிடவில்லை. நானும்.

ஜூன் 24
சும்மாவே அழுகை வரும், சிரிப்பும் வரும், அது நோயோடு சேர்ந்தது, துக்கம் என்று எடுக்காதீர்கள் என்று டாக்டர் போனில் சொன்னார். இதை இரண்டு நாள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா.

மதியம் அப்பா இடது கையால் சமையலறையைக் காட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீரா, காப்பியா, மோரா என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோனோம். எல்லாவற்றையும் தள்ளினார். கடைசியில் சின்னவன்தான் அந்த அலுமினியத் தாள் சுருளைக் கொண்டுவந்து நீட்டினான். அப்பா வலது கையை இடது கையால் தூக்கி அவன் மடியில் வைத்தார்.

ஜூன் 27
ராத்திரி வாசிப்பைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறோம். முன்பு எல்லாக் குரலும் அப்பாதான். ஸ்பைடருக்கு மூக்கால் பேசுவார். எந்திர மனிதன் ஆர்ச்சிக்குப் பித்தளைச் செம்பை வாயருகே வைத்துக்கொண்டு பேசுவார், செம்புக்குள் சுற்றி வரும் அந்தக் கணகணப்பு இல்லாமல் எனக்கு இன்றைக்கும் ஆர்ச்சியைப் படிக்க முடியாது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது செம்பைப் பார்த்தாலே கத்துவேனாம்.

இப்போது செம்பு சின்னவனிடம். ஆர்ச்சி, கோட்டை வடிவத்தில் இருக்கும் அந்தக் கால எந்திரத்தில் ஏறிப் போகும் கதை. நாலு வயதில் நம் ஊர் செங்கோட்டை வளைவைக் காட்டி "இதுக்குள்ள போனா பழைய காலமா" என்று கேட்டவன். தாத்தாவும் ஆமாம் என்றுதான் சொன்னார். 1956 நவம்பர் 1 வரைக்கும் இது திருவிதாங்கூர்-கொச்சி, வளைவு அப்போதே நின்றது, அந்தப் பக்கம் ராஜா காலம் என்று.

ஜூன் 29
சொல்லிவிட்டார். சொல்லிவிட்டார்.

ஆர்ச்சி படத்தைச் சின்னவன் சும்மாதான் காட்டினான். அப்பா விரலால் தட்டி, "சட்டி" என்றார். தெளிவாக. ஆர்ச்சியின் பட்டப்பெயர் சட்டித்தலையன்! பேச்சுப் பயிற்சி அம்மா காட்டிய சட்டி படத்துக்கு வராத சட்டி. அம்மா அடுப்பை அணைக்காமல் ஓடிவந்து பால் பொங்கி வழிந்தது.

ஜூலை 1
இன்று ஒன்றும் வரவில்லை. சட்டியும் வரவில்லை.

ஜூலை 2
தூக்கம் இல்லை. பேரேட்டில் விலை இருக்கிறது, நிலை இருக்கிறது. எப்படிக் கிடைத்தது என்பது இல்லை. சிவகாசிக்கு மீட்டர் கேஜ் ரயிலில் போய் வந்தது, பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட மூட்டையைத் தராசில் இருந்து இறக்க வைத்தது, அத்தையின் கல்யாண வீட்டில் பந்தியைவிட்டு எழுந்துபோனது. ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியது சூப்பர்மேனை உண்டாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்று அப்பாதான் எங்களுக்குச் சொன்னார். அதை எங்கே படித்தார் என்று நான் கேட்டு வைக்கவில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்குப் பின்னாலும் ஒரு கதை அவருக்குள் இருக்கிறது, 611 கதை. பெரியவள் எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். 'குறிப்பு' என்று ஒரு பத்தி வைத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்தது அறுபதுகூட இல்லை.

ஜூலை 5
பெரியவளுக்கும் சின்னவனுக்கும் பெரிய சண்டை. ராணி காமிக்ஸில் முகமூடி போட்டுக் குதிரையில் வருகிறவரும் மாயாவி, இரும்புக்கைக்காரனும் மாயாவி, எக்செல்லில் ஒரே பெயரில் போடலாமா கூடாதா. முத்துவில் அந்த முகமூடிக்காரருக்கு வேறு பெயர். எங்கள் காலத்திலும் இதே சண்டைதான், நானும் அண்ணனும் ஒரு வாரம் பேசவில்லை. அப்பா கட்டிலில் இருந்து இரும்புக்கையை இடது கையால் தூக்கிக் காட்டித் தீர்ப்புச் சொன்னார்.

ஜூலை 7
வாங்குகிறவர் ஒருவர் போன் செய்தார். எழுபதுகளின் முத்து மொத்தமாக வேண்டுமாம், முதல் இதழ் இருந்தால் அதற்குத் தனி விலையாம். சொன்ன தொகை ஆஸ்பத்திரிக் கடனில் பாதிக்கு வரும். இவர் பேசாமல் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"ஏளா, அவரு கண்ணு முன்னால ஒரு புஸ்தகம் வெளிய போகக் கூடாது. என் வளையல் இருக்கு."

ஜூலை 8
வளையல் அடகுக்குப் போனது.

ஜூலை 11
வரிசையாகப் பழகினது. எனக்கு ஏன் இவ்வளவு நாள் தோன்றவில்லை! மரக்கடைக் கணக்குக்காக இருபது வருஷம் புதன்கிழமைதோறும் புனலூர் போய்வந்தவர். மலைமேல் ஏறி, குகைக்குள் புகுந்து, பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டிப் போகிற வண்டி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லித்தான் தூங்க வைப்பார்.

"செங்கோட்டை" என்றேன்.

"பகவதிபுரம்" என்றார். அப்புறம் நிற்கவே இல்லை. ஆரியங்காவு. எடப்பாளையம். கழுதுருட்டி. தென்மலை. ஒற்றக்கல். எடமண். ஒவ்வொன்றுக்கும் வண்டி நின்று கிளம்புகிற இடைவெளி விட்டுச் சொன்னார். கடைசிக்கு முன் மூச்சு வாங்கியது.

"புனலூர்."

சொன்ன கையோடு இடது கை மெத்தையில் எதையோ தேடியது. பேரேட்டைக் கொடுத்தோம். முதல் பக்கத்தைத் திருப்பி, சிவப்பு மையின்மேல் இரண்டு தட்டு.

அம்மாவுக்கு ஆள் தெரியாது. தூக்குப்பாலம் பக்கம் டீக்கடை வைத்திருந்தவர், தமிழ் படிக்கத் தெரியாது, படத்தைப் பார்த்துக்கொண்டு அப்பா மலையாளத்தில் கதை சொல்லக் கேட்பார் என்று எப்போதோ சொன்னதாக மட்டும் ஞாபகம். எத்தனை வருஷத்துக்கு முன்னால் என்றும் தெரியாது. அவர் இருக்கிறாரோ என்னவோ.

ஜூலை 12
மழை. இரண்டாவது பெட்டியில் பூஞ்சை. பஞ்சால் துடைத்துத் துடைத்துக் கை வெளுத்துவிட்டது.

ஜூலை 13
டாக்டர் சரி என்றுவிட்டார், சக்கர நாற்காலி இருந்தால் போதுமாம். பகல் ரயில். பதிமூன்று கண் பாலம் தெரிகிற பக்கமாக அப்பாவுக்கு ஜன்னல் சீட். சின்னவன் செம்பை எடுத்து வைத்துவிட்டான். பச்சைப் பேனாவை நான் எடுத்துக்கொண்டேன்.