டிக் டிக் சத்தம்

கோவை மாவட்டத்தில் பள்ளிக் கல்வித் துறையின் ஒரு வட்டார வள மையத்தில் இயன்முறை மருத்துவராக இருந்தபோது, வாரத்தில் இரண்டு நாள் வீடு வீடாகப் போவேன். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி. அப்படிப் போன ஒரு வீட்டில் ஏழு வயதுப் பையன். மூளை முடக்குவாதம். இரண்டு கால்களிலும் தசை இறுக்கம். பிடித்து நிற்க வைத்தால் கால்கள் கத்தரிபோலப் பின்னிக்கொள்ளும். கைகள் நன்றாக இருந்தன. பேச்சு அதைவிட நன்றாக இருந்தது.

நான் போகும்போதெல்லாம் வாசலில் அண்ணனின் சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஸ்டாண்டு போட்டு நிற்கும் சைக்கிளின் பெடலைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டுச் சட்டென்று கையை எடுப்பான். பின்சக்கரம் டிக் டிக் டிக்கென்று ஓடும். அது ஓயும்வரை தலையைச் சாய்த்துக் கேட்பான். அப்புறம் மறுபடியும். "இத விட்டா வேற வெளையாட்டே இல்லீங்க மேடம்" என்றார் அவன் அம்மா. இவனுக்கு ஒரு சைக்கிள் வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மாற்றுத்திறனாளிக்குச் சைக்கிள் என்றாலே நம் ஊரில் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிதான். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தர 1981 முதல் நடக்கும் மத்திய அரசின் அடிப் திட்டத்தில், கான்பூர் அலிம்கோ நிறுவனத்தின் வண்டிகள் ஊர் ஊராகப் போயிருக்கின்றன. நடக்க முடியாத பெரியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் கால் சும்மா கிடக்கும். இவனுக்கு வேண்டியது காலால் மிதிக்கிற வண்டி. ஒரு முகாமில் இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே படிவத்தில் கைவண்டி என்று எழுதிவிட்டார்கள். மில்லில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்த அந்த அம்மா, திரும்பும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பயணம் இன்னும் எனக்குள் வலிக்கிறது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே அமெரிக்காவில் ரிஃப்டன் நிறுவனம் வண்டி செய்கிறது. வரவழைக்க ஆகும் செலவைக் கணக்குப் போட்டேன், லட்சத்தைத் தாண்டியது. சரி, கடையில் விற்கும் குழந்தை வண்டியில் உட்கார வைத்துப் பார்ப்போம் என்றால், முட்டி ஹேண்டிலில் இடித்தது. அந்த வண்டியில் பெடல் முன்சக்கரத்திலேயே இருக்கும். ஹேண்டிலைத் திருப்பினால் பெடலும் சேர்ந்து திரும்பி ஒரு காலை இழுத்துக்கொண்டு போகும். இறுக்கம் உள்ள காலுக்கு அது ஒத்துவராது.

கடைசியில் சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி செய்யும் ஒரு பட்டறைக்காரரிடம் போனேன். "அளவச் சொல்லுங்க அம்மணி, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதற்கு முன் எலும்பு மருத்துவரிடம் அனுப்பி இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தோம். இறுக்கம் உள்ள பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல நழுவக்கூடும்; அதைப் பார்க்காமல் வண்டியில் ஏற்றக் கூடாது. பிறகு காலணியும், கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறையும் போட்டுவிட்டே அளவெடுத்தேன். பெடல் கீழே போகும்போதும் முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். முழுதாக நீண்டுவிட்டால் கால் அப்படியே விறைத்துக்கொள்ளும். சீட்டுக்கு முதுகு வரை சாய்மானம். பெல்ட் வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். தொடைகள் பின்னாமல் இருக்க நடுவே ஸ்பாஞ்சு கட்டை. பெடலுக்கு மேல் குதிகால் விளிம்பு வைத்த தகடு, சட்டென்று கழற்ற வசதியாக வெல்குரோ பட்டை. செயின் முழுவதும் மூடி. வீட்டு வாசற்படியின் அகலத்தைப் பட்டறைக்காரர்தான் கேட்டார். அது எனக்குத் தோன்றவே இல்லை. கேட்காமல் விட்டிருந்தால் வண்டி மழையில்தான் நின்றிருக்கும்.

பெடல் நின்றாலும் சக்கரத்தைத் தனியாக ஓட விடுகிற ஃப்ரீவீல் வேண்டாம், பூட்டிவிடுங்கள் என்றேன். அப்போதுதான் பின்னாலிருந்து தள்ளும்போது பெடலும் சுற்றும். கால் மாறி மாறி மிதிக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். அவர் யோசித்தார். "எறக்கத்துல வண்டி காலை இழுத்துட்டுப் போயிருமேம்மா." மிகச் சரியான கேள்வி. அதனால் பின்னால் ஒரு தள்ளுகம்பி வைத்து, பிரேக்கை அதில் மாட்டினோம். சமதரையில் மட்டும், ஒரு ஆள் கூடவே இருந்தால் மட்டும் என்று அம்மாவிடம் உறுதி வாங்கிக்கொண்டேன். மொத்தம் 8,500 ரூபாய். ஆசிரியர்கள் சிலர் பங்கு போட்டார்கள்.

முதல் நாள் அம்மா தள்ளினார், கால்கள் சுற்றின. மூன்றாவது வாரம் வலது முட்டி தானாக ஒரு முறை அழுத்தியது. என் கை தொடையில் இருந்ததால் தசை இறுகி இறங்கியதை உணர்ந்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் முகத்தில் ஏனோ மகிழ்ச்சி இல்லை.

"மிஸ், டிக் டிக் சத்தம் எங்க?"

பூட்டிய ஃப்ரீவீலில் அந்தச் சத்தம் வராது. என் நோட்டில் தொடை நீளம், முட்டியின் கோணம் எல்லாம் இருந்தன. மாதக்கணக்கில் அந்த வாசலில் கேட்ட சத்தத்தை நான் எழுதி வைக்கவில்லை.

அண்ணன்காரன் உள்ளே ஓடினான். பழைய நோட்டு அட்டையைப் பட்டையாகக் கிழித்து வந்து, கம்பிகளில் உரசும்படி துணிக் கிளிப்பால் சக்கரத்தோரம் மாட்டினான். டிக் டிக் வரவில்லை, டர்ரென்று வந்தது. அவன் அண்ணாந்து அண்ணனைப் பார்த்தான். பிறகு மிதித்தான்.

அடுத்த முறை போனபோது அம்மா சொன்னார்: "பெரியவன் பின்னாடி புடிச்சுக்குவான், நான் சோறாக்கிட்டு இருப்பேன். சத்தம் நின்னா, காலு நின்னுருச்சுன்னு உள்ள இருந்தே குரல் குடுப்பனுங்க."