காச்சோவுக்கு ஒரு வழியனுப்பு பாட்டு

மார்ச் மாசம் வந்தாலே எங்க ஆபீஸ்ல ஒரு மாதிரி அமைதி வந்துடும். ஜப்பான்ல கணக்கு வருஷம் ஏப்ரல் 1 அன்னிக்குதான் ஆரம்பம், ஸ்கூல், காலேஜ், பெரும்பாலான கம்பெனிக்கும் அதேதான், அதனால யாருக்கு எந்த ஊருக்கு டிரான்ஸ்ஃபர்ங்கறது மார்ச்லதான் காதுல விழும். நைஜின்னு சொல்வாங்க, அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடி அந்த ஆளை மட்டும் தனியா கூப்பிட்டு சொல்ற சேதி. அன்னிக்கு எங்க காச்சோ, அதாவது செக்‌ஷன் மேனேஜர், சின்ன மீட்டிங் ரூமுக்குள்ள போனவர் பத்து நிமிஷத்துல வெளிய வந்தார், வழக்கம் போல காபி மெஷின்கிட்ட போய் நின்னார், கப்பை வைக்காமலே பட்டனை அமுக்கிட்டார். டீம்ல நாங்க 11 பேர். எல்லாருக்கும் புரிஞ்சுது, யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

ஃபுகுவோகா. க்யூஷூ தீவுல, ரொம்ப தூரத்துல இருக்கற ஊர். அவர் பொண்ணு ஏப்ரல்லேர்ந்து நம்ம ப்ளஸ் டூ மாதிரி கடைசி வருஷத்துக்கு போறதால குடும்பம் டோக்கியோலயே இருக்கும், அவர் மட்டும் அங்க போய் தனியா ரூம் எடுத்து இருக்கணும். இதுக்கு தான்ஷின் ஃபுனின்னு ஒரு தனி பேரே இருக்கு, அந்த அளவுக்கு இது இங்க சாதாரணம்.

வழியனுப்பு பார்ட்டிக்கு தேதி குறிச்ச அன்னிக்கே நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன், இந்த தடவை நான் அவருக்குன்னு ஒரு பாட்டு பாடணும். ஏன்னு சொல்லணும்னா என் முதல் வருஷத்துக்கு போகணும்.

அப்ப நான் வந்து ஏழு மாசம். ஒரு பேட்ச் ஜாப்ல, அதாவது தானா மொத்தமா ஓடற ப்ரோக்ராம்ல, தேதி செட்டிங்கை தப்பா போட்டு கிளையன்ட்டோட நிஜ சிஸ்டத்துல, அதாவது ப்ரொடக்‌ஷன்ல ஏத்திட்டேன், கிளையன்ட் பக்கம் ஒரு நாள் பூரா பில் எதுவும் போகல. மறுநாள் காலைல காச்சோ என்னையும் கூட்டிட்டு அங்க போனார், நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவர் குனிஞ்சார், இடுப்பு மடங்கி தலை மேஜை உயரத்துக்கு வந்துது, நானும் குனிஞ்சேன், என் கண்ணுக்கு தெரிஞ்சது அவரோட தேய்ஞ்ச ஷூ மட்டும்தான். திரும்பி வர்ற ட்ரெயின்ல ஏதாவது திட்டுவார்னு காத்திருந்தேன். ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் டோக்கியோ ஷிம்பாஷில சாப்பிட்டு முடிச்சதும் "கொஞ்ச நேரம் பாடலாமா"ன்னு மட்டும் கேட்டார்.

அங்க ஒரு கரோக்கே ரூம்ல, ஸ்க்ரீன்ல வர்ற வரியைப் பாத்து மைக்ல பாடற இடத்துல, அவர் போட்ட பாட்டுதான் "உஎ ஒ முய்தெ அருகோ". சகமொதோ க்யூ 1961ல பாடினது, 1963ல அமெரிக்கால பில்போர்ட் பட்டியல்ல முதல் இடத்துக்கு போச்சு, அங்க அதுக்கு சுகியாகின்னு ஒரு சாப்பாட்டு பேரை வச்சாங்க, பாட்டுக்கும் அந்த சாப்பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கண்ணீர் கீழ விழாம இருக்க அண்ணாந்து பாத்துக்கிட்டே நடக்கற ஒரு ஆளோட பாட்டு அது. மெட்டுல பெரும்பகுதி நம்ம மோகனம் சாயல், கேட்டா நல்ல வெயில்ல நடக்கற மாதிரி இருக்கும், விசில் கூட வரும், அர்த்தம் தெரிஞ்சப்பறம்தான் நெஞ்சு கனக்கும். 1960ல அமெரிக்காவோட போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு எதிரா நடந்த போராட்டம் தோத்துப் போன மனசோடதான் எய் ரொகுசுகே அந்த வரிகளை எழுதினார்னு காச்சோ சொல்லித்தான் எனக்கு தெரியும். பாடின சகமொதோ க்யூ 1985 ஆகஸ்ட் 12ல 520 பேர் செத்துப்போன அந்த விமான விபத்துல போயிட்டார்.

ரெண்டாவது சரணத்துல நானும் சேர்ந்து பாடப் பாத்தேன், மேல எட்டல. காச்சோ ஸ்க்ரீன்லேர்ந்து கண்ணை எடுக்கவே இல்ல, கை மட்டும் மேஜைல இருந்த ரிமோட்டுக்கு போய் சுருதியை மாத்தற கீ பட்டனை ரெண்டு தடவை கீழ இறக்குச்சு. என் குரல் சுருதில சரியா உக்காந்துது. அவருக்கு அந்த கீ ரொம்ப கீழ, ஆனா அப்படியே பாடி முடிச்சார். காலைல நடந்ததைப் பத்தி அவர் எனக்கு சொன்ன பதில் அதுதான், அப்பவும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன், இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன்.

அந்த ராத்திரிக்கு அப்புறம்தான் இங்க கரோக்கே எதுக்குன்னு எனக்கு பிடிபட்டுச்சு. பகல் பூரா மெயில்ல "ஒட்சுகரெசமா தெஸ்"னு, உங்க உழைப்புக்கு நன்றிங்கற மாதிரி ஒரு வழக்கமான வாசகத்தோட ஆரம்பிச்சு மரியாதையாவே பேசிக்கறவங்க, சந்தோஷமோ வருத்தமோ மூஞ்சில காட்டாதவங்க, ஒருத்தருக்கு சொல்ல வேண்டியதை ஒரு பாட்டை தேர்ந்தெடுத்து சொல்லிடறாங்க. குரல் நல்லா இருக்கான்னு யாரும் பாக்கறதில்ல, யாருக்காக இந்த பாட்டுன்னுதான் பாக்கறாங்க. செட்சுனாய்னு ஒரு வார்த்தை இருக்கு, நெஞ்சை பிடிச்சு அழுத்தற மாதிரி ஆனா அந்த வலி போயிடக் கூடாதுன்னும் தோணுமே அது, இந்த மாதிரி பாட்டுக்கு எல்லாரும் சொல்ற வார்த்தை அதுதான்.

காச்சோவோட சொந்தப் பாட்டு "ட்சுகரு கைக்யோ ஃபுயுகெஷிகி", இஷிகவா சயுரி 1977ல பாடின என்கா, பிரிவும் ஏக்கமும் பாடற பழைய பாணி ஜப்பானிய பாட்டு. டோக்கியோ உஎனொ ஸ்டேஷன்லேர்ந்து ராத்திரி ட்ரெயின் பிடிச்சு வடக்கே பனி கொட்டற அஒமொரில இறங்கி அங்கேர்ந்து கப்பல்ல கடலைத் தாண்டிப் போற ஒரு பொண்ணு, யார்கிட்டேர்ந்து பிரிஞ்சு போறாங்கறது பெருசா சொல்ற பாட்டில்ல. காச்சோ அஒமொரிக்காரர். அவங்கப்பா குளிர்காலம் வந்தா வயல்ல வேலை இல்லாம டோக்கியோவுக்கு கட்டட வேலைக்கு வந்துடுவாராம், அந்த பக்கத்து ஊர்கள்ல அப்ப நிறைய வீட்ல அப்படித்தான், பனி உருகினாத்தான் அப்பா முகம் பாக்கறது. 1988 மார்ச்ல கடலுக்கு அடியில சுரங்கப்பாதைல ட்ரெயின் விட்டதும் அந்த கப்பலையும் நிறுத்திட்டாங்க. இதை எல்லாம் அவர் ஒரே நாள்ல சொல்லல, அஞ்சு வருஷத்துல ஒவ்வொரு தடவை அந்த பாட்டு முடிஞ்சதும் ஒரு வரி, ரெண்டு வரி.

எனக்கு இருந்த பெரிய கவலை எந்த பாட்டு பாடறதுங்கறதுதான். சென்பாய் ஒருத்தங்ககிட்ட கேட்டேன், என்னை விட எட்டு வருஷம் சீனியர், டீம்ல எல்லார் பாட்டும் தெரிஞ்சவங்க. "நாதா சோசோ"ன்னு சொன்னேன், ஒகினாவா பக்கத்து பேச்சுல பொலபொலன்னு கண்ணீர் கொட்டறதுன்னு அர்த்தம், நட்சுகவா ரிமி குரல்ல 2001லேர்ந்து நாடே பாடற பாட்டு. அவங்க தலையை ஆட்டிட்டாங்க. மொரியாமா ர்யோகோ செத்துப்போன தன் அண்ணனை நினைச்சு எழுதின வரிகள் அது, உயிரோட ஊருக்கு போறவருக்கு அது வேண்டாம்னாங்க. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு மெதுவா சொன்னாங்க, "நகொரி யுகி".

காலம் தவறி, வசந்தம் வந்தப்பறம் விழற கடைசி பனி. ஸ்டேஷன்ல ரயிலுக்கு நிக்கற பொண்ணு, பக்கத்துல ஒண்ணும் சொல்லத் தெரியாம நிக்கற பையன். இசெ ஷோஸோ எழுதினது, 1975ல இருகா பாடி எல்லார் வாயிலயும் வந்துடுச்சு. மார்ச்சுக்குன்னே பொறந்த பாட்டு. இசெ ஷோஸோவோட ஊர் க்யூஷூல ட்சுகுமி, காச்சோ போற ஃபுகுவோகாவும் அதே க்யூஷூதான், அதை வேற சென்பாய் யோசிச்சு சொன்னாங்களோ என்னவோ.

மூணு வாரம், சனிக்கிழமை மதியத்துல, தனி ஆளா போய் ரூம் எடுத்து பாடினேன். ஹிதொகரான்னு சொல்வாங்க, தனியா வர்றவங்க நிறைய பேர் இருக்காங்க, யாரும் வித்தியாசமா பாக்க மாட்டாங்க. நம்மாளுங்களுக்கு ஒண்ணு சொல்லணும், ஜப்பானிய பாட்டு நம்ம வாய்க்கு அப்படி ஒத்து வரும். எ ஏ, ஒ ஓ ரெண்டும் அவங்ககிட்டயும் தனித்தனி, குறில் நெடில் மாறினா அர்த்தமே மாறிடும், ஒஜிசான்னா மாமா, ஒஜீசான்னா தாத்தா. குறிலுக்கு ஒரு மாத்திரை நெடிலுக்கு ரெண்டுன்னு ஸ்கூல்ல படிச்சோமே, அதே கணக்குதான் அங்க மெட்டுலயும் ஓடுது. ஒரே ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன், நம்ம இலக்கணத்துல ஒற்றுக்கு அரை மாத்திரை, அவங்களுக்கு ன் வந்தா முழு மாத்திரை, நான் அதை முழுங்கிட்டு முழுங்கிட்டு தாளத்துக்கு முன்னாடி ஓடிட்டிருந்தேன். ஸ்க்ரீன்ல சுருதிக்கு ஒரு கோடு ஓடும், என் குரல் அதுல எங்க விழுதுன்னு கலர்ல காட்டும், மூணாவது சனிக்கிழமைதான் அந்த ன் எல்லாம் கோட்டு மேல நின்னுது.

பார்ட்டி அன்னிக்கு அதே ஷிம்பாஷி, ஏழாவது மாடி ரூம். கராகேன்னு பொரிச்ச சிக்கன் தட்டு, லெமன் சவர்ங்கற மது டம்ளர், எனக்கு ஊலாங் டீ. சின்னவங்க முதல்ல சத்தமான பாட்டா போட்டு டாம்பரின் தட்டினாங்க, காச்சோவும் சிரிச்சுக்கிட்டே தட்டினார். அப்புறம் என் பாட்டோட பேர் ஸ்க்ரீன்ல வந்துது. யாரோ டாம்பரினை சத்தம் வராம சோஃபா மேல வச்சாங்க. முதல் வரி பாடறப்போ காச்சோ மெனு கார்டை கையில எடுத்தார், அது தலைகீழா இருந்துது, பாட்டு முடியற வரைக்கும் அதையேதான் பாத்துட்டிருந்தார். நான் அவரைப் பாக்காம ஸ்க்ரீனைப் பாத்தே பாடினேன். ன் எல்லாம் அதது இடத்துல நின்னுது. முடிஞ்சதும் அவர் "ஹத்சுஒன் நல்லா இருக்கு"ன்னார், உச்சரிப்புன்னு அர்த்தம், அவ்வளவுதான், குரல் மட்டும் தழுதழுத்துது.

சுவத்துல இருந்த போன் அடிச்சுது. நேரம் முடிய பத்து நிமிஷம் இருந்தா கீழேர்ந்து கூப்பிட்டு சொல்வாங்க. பக்கத்துல உக்காந்திருந்த காச்சோவே எடுத்து "எஞ்சோ"ன்னு இன்னும் அரை மணி நேரம் கேட்டார். போனை வச்சுட்டு ரிமோட்டை மடியில வச்சு எதையோ தேடினார், ரெண்டாவது மைக்கை எடுத்து என் பக்கம் நீட்டினார். ஸ்க்ரீன்ல அந்த 1961 பாட்டு. பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவர் கை கீ பட்டனுக்கு போச்சு, ரெண்டு தடவை கீழ.