முதல் தலைமுறை மாணவர் பற்றி ஆய்வு: நெறிமுறை அனுமதி கைக்கு வருவதற்குள்

அனுமதிக் கடிதம் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. முன்மொழிவு எழுதியது, மேற்பார்வையாளரைப் பிடித்தது, தலைப்பை ஏற்க வைத்தது எல்லாம் வழமைபோல நடந்தன. இழுபட்டது இரண்டு இடத்தில்: நெறிமுறை மீளாய்வுக் குழுவின் கந்தோர், வினாக்கொத்தில் பெற்றோரின் கல்வி பற்றிய கேள்வி. கொழும்பில் கம்பஸ் மாணவர்களிடம், அதிலும் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கம்பஸ் வந்தவர்களிடம், தரவு சேர்க்க நினைப்பவர்கள் இந்த இரண்டுக்கும் முன்கூட்டியே தயாராகிக்கொள்வது நல்லது.

கந்தோரை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை. விண்ணப்பத்தோடு தரும் சரிபார்ப்புப் பட்டியலில் 'தரவு சேகரிக்கும் இடத்தின் பொறுப்பாளரது அனுமதி' என்று ஒரு வரி இருக்கிறது. பீடாதிபதி அலுவலகத்தில் கேட்டால் "எதிக்ஸ் கிடைச்ச பிறகு வாங்க" என்றார்கள். நெறிமுறைக் கந்தோரில் இருந்தவரோ கோவையைத் திறக்கவே இல்லை. "டீன்ட லெட்டர் இல்லாம எடுக்க ஏலாது. கொண்டு வாங்க, பாப்பம்." அதற்குள் குழு கூடும் நாள் ஒன்று போய்விட்டது; மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழு என்றால் அதோடு ஒரு மாதம் போச்சு.

இதற்கு வழி உண்டு. இரண்டு கவுண்டரிலும் அதைச் சொல்ல ஆளில்லை. பீடாதிபதியிடம் அனுமதி கேட்கக் கூடாது. 'நெறிமுறை அனுமதி கிடைக்கும் பட்சத்தில் இப்பீடத்தில் தரவு சேகரிக்க ஆட்சேபனை இல்லை' என்ற கடிதத்தைக் கேட்க வேண்டும். அந்த வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து, கையொப்பத்துக்கும் இறப்பர் முத்திரைக்கும் இடம் விட்டுக் கொண்டுபோங்கள். மாணவர் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்பதை மட்டும் அதே கடிதத்தில் சேர்த்துவிடாதீர்கள். பட்டியல் என்ற சொல்லைக் கண்டதும் கடிதம் பதிவாளர் பக்கம் திருப்பி அனுப்பப்பட்டு அங்கேயே உறங்கிவிடும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பட்டியல் கொடுக்கத் தயங்குவதையும் குறை சொல்ல முடியாது. எப்படியும் பெற்றோரின் கல்வி அந்தப் பட்டியலில் இருக்கப்போவதில்லை. விரிவுரை மண்டபத்தில் வினாக்கொத்தை எல்லோருக்கும் கொடுத்து, முதல் தலைமுறையினரைப் பிறகு பிரித்தெடுப்பதுதான் நடைமுறைக்குச் சரிவரும்.

அடுத்தது அடிக்குறிப்பு. தகவல் தாள், சம்மதப் படிவம், வினாக்கொத்து மூன்றும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று வரும்போது ஒன்பது ஆவணம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் திகதியும் இருக்க வேண்டும், ஒன்பதிலும் அவை ஒன்றாகவே இருக்க வேண்டும். சிங்களப் பிரதியில் ஒரு வரி திருத்தி 1.1 ஆக்கினால், வேறெதுவும் மாறாவிட்டாலும் மற்ற எட்டையும் 1.1 ஆக்குங்கள். கந்தோரில் உங்கள் ஆய்வை யாரும் வாசிக்கப்போவதில்லை, ஆனால் அடிக்குறிப்பை விடமாட்டார்கள். வெள்ளவத்தைப் பக்கம் தட்டச்சுக்குக் கொடுப்பவர்கள் யுனிகோட் என்று அழுத்திச் சொல்லுங்கள். சில கடைகளில் இன்னும் யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில்தான் அடிக்கிறார்கள். கடைக் கணினியில் அழகாகத் தெரியும்; அந்த எழுத்துரு இல்லாத குழு உறுப்பினரின் மடிக்கணினியில் சம்மதப் படிவம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் திறக்கும். மின்னஞ்சலில் போகும் பிரதி பீ.டி.எஃப். ஆகவே இருக்கட்டும்.

இனி அந்தக் கேள்வி. 'உங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வந்த முதல் நபர் நீங்களா? ஆம் / இல்லை' என்று ஒற்றை வரியில் கேட்டுவிட்டுப் போகும் வினாக்கொத்துகள் ஏராளம். மீளாய்வாளர் ஓரத்தில் எழுதியிருந்தது இரண்டே சொல்: 'எந்த வரைவிலக்கணம்?' கந்தோர் வழியாக வந்த குறிப்புகளில் அதிக மரியாதை கொடுக்க வேண்டியது இந்த ஒன்றுக்குத்தான்.

ஊருக்கு ஒரு வரைவிலக்கணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1980 இல் உயர்கல்விச் சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது வந்ததன்படி, தாய் தந்தை இருவருமே இளமாணிப் பட்டம் முடிக்காதிருந்தால் பிள்ளை முதல் தலைமுறை. ஒரு பெற்றோரோடு மட்டும் வாழ்ந்து அவருடைய ஆதரவில் வளர்ந்தவருக்கு அந்த ஒருவரின் கல்வியை மட்டும் பார்த்தால் போதும். அண்ணன், அக்கா அங்கே கணக்கில் இல்லை. தமிழ்நாட்டில் கல்விக் கட்டணச் சலுகைக்காகக் கொடுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழ் நேர்மாறு, அக்கா பட்டம் எடுத்திருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. இந்த வித்தியாசம் சும்மா வாதத்துக்கு அல்ல. அமெரிக்காவில் ராபர்ட் டூட்கூஷியனும் உடன் ஆய்வாளர்களும் ஒரே மாணவர் தரவை எட்டு வரைவிலக்கணங்களால் அளந்து பார்த்தபோது, முதல் தலைமுறையினரின் பங்கு 22 வீதத்திலிருந்து 77 வீதம் வரை மாறியது. மாணவர்கள் அதே மாணவர்கள்தான்.

நம் ஊர்ச் சிக்கல்களை அந்த வரைவிலக்கணங்கள் எதுவும் முழுதாகத் தாங்கவில்லை. அம்மா ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் படித்து இருபது வருடம் கற்பித்தவர், பட்டம் இல்லை. அப்பா வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்து இடையில் விட்டவர். அப்பா போரில் காணாமல் போனவர். அம்மா மத்திய கிழக்கில், வளர்த்தது அம்மம்மா. இவர்கள் ஒவ்வொருவரும் ஆம் இல்லை என்ற இரண்டு பெட்டியில் எதில் புள்ளடி போடுவது என்று திணறுவார்கள், அல்லது விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். விட்டுப்போன அந்தப் பதில்கள்தான் பகுப்பாய்வின்போது கழுத்தை அறுக்கும்.

கடைசியில் குழு ஏற்றுக்கொண்ட வடிவம் இது. 'முதல் தலைமுறை' என்ற சொல்லே வினாக்கொத்தில் இல்லை. தாய், தந்தை, பாதுகாவலர் என்று மூன்று நிரை. ஒவ்வொன்றுக்கும் அவர் எட்டிய மட்டம்: பாடசாலை செல்லவில்லை, 5 ஆம் தரம் வரை, 6 முதல் 11 வரை, சாதாரண தரம் சித்தி, உயர்தரம் சித்தி, பயிற்சிக் கலாசாலை அல்லது டிப்ளோமா, பட்டப்படிப்பைத் தொடங்கி முடிக்கவில்லை, பட்டம். அதன்பின் 'தெரியாது', 'பொருந்தாது' இரண்டும் தனித்தனிக் கட்டமாக. இவற்றை ஒன்றாகப் போட்டால் தகப்பனில்லாத பிள்ளையும், தகப்பன் எதுவரை படித்தார் என்று அறியாத பிள்ளையும் கலந்துவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. கீழே இரண்டு கேள்வி: உயர்தரம் படித்த காலத்தில் யாருடைய பராமரிப்பில் இருந்தீர்கள், உங்களுக்கு முன் உடன்பிறந்தோர் யாராவது பல்கலைக்கழகம் போனார்களா. இவ்வளவும் இருந்தால் அமெரிக்க வரைவிலக்கணமோ தமிழ்நாட்டு வரைவிலக்கணமோ, எதை வேண்டுமானாலும் பிறகு கணினியில் கட்டலாம். பரீட்சகர் வேறொன்றைக் கேட்டாலும் திரும்பக் களத்துக்கு ஓடத் தேவையில்லை.

மாதிரி அளவிலும் ஒரு பொறி. கிரெஜ்சியும் மோர்கனும் 1970 இல் போட்ட மாதிரி அளவு அட்டவணையை நம் ஆய்வேடுகளில் மந்திரம்போல ஒட்டிவிடுகிறோம்: குடித்தொகை 1000 என்றால் 278 பேர். அது ஒரு வீதாசாரத்தை மதிப்பிடுவதற்கான அட்டவணை, இரண்டு குழுவை ஒப்பிடுவதற்கு அல்ல. முதல் தலைமுறையினரையும் மற்றவர்களையும் ஒப்பிடப்போவதாக முன்மொழிவில் எழுதியிருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை பேர் தேவை என்று சொல்ல வேண்டும். அதைக் கணக்கிடும் ஜீ பவர் மென்பொருள் இலவசம். நடுத்தர விளைவு (இரு பக்கத்துக்கும் இடையிலான வித்தியாசத்தின் அளவு) 0.5, பொருண்மை மட்டம் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 0.05, வலு (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 0.80 என்று கொடுத்தால் இருபக்கச் சோதனைக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் 64 பேர் என்று வரும். பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைகள் குறைவாக இருக்கும் பீடத்தில் அந்த 64 ஐத் தேடுவதே பெரும்பாடு, ஆகவே ஒரே பீடத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வினாக்கொத்து முழுக்க இல்லாததையே கேட்பதாகவும் ஒரு குறிப்பு வந்தது: ஆங்கிலம் தெரியாது, பணம் இல்லை, வழிகாட்ட ஆள் இல்லை. 1990களின் ஆய்வுகள் பெரும்பாலும் அந்த வழியில் போனவைதான். 2005 இல் அமெரிக்க ஆய்வாளர் தாரா யோசோ, மாணவர்கள் வீட்டிலிருந்தும் சமூகத்திலிருந்தும் கொண்டுவரும் ஆறு வகைச் செல்வங்களைச் சொன்ன பிறகு போக்கு மாறியது. 2012 இல் நிக்கோல் ஸ்டீபன்ஸ் குழுவினர், தனித்து நிற்பதையே எதிர்பார்க்கும் பல்கலைக்கழகப் பண்பாட்டுக்கும் ஒருவரையொருவர் சார்ந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் இடையிலான பொருத்தமின்மையைக் காட்டினார்கள். குடும்பம் என்ன கொடுத்தது என்ற ஒரு பகுதியைச் சேர்த்ததும் அந்தக் குறிப்பு அடங்கியது. தேடும்போது கவனம்: 'ஃபெர்ஸ்ட் ஜெனரேஷன்' என்று மட்டும் போட்டால் பாதிக்குப் பாதி குடியேறியோர் பற்றிய கட்டுரைகள் வந்து குவியும். பெற்றோர் கல்வி என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்; இங்கிலாந்து, அவுஸ்திரேலிய ஆய்வுகளுக்கு 'ஃபெர்ஸ்ட் இன் ஃபமிலி' என்று தனியாக.

பகிடிவதை பற்றி ஆய்வு நோக்கத்துக்குத் தேவையில்லாமல் ஒரு கேள்வியும் வைக்காதீர்கள். வைத்தால், மாணவர் ஒன்றை எழுதிவிட்டால் யாருக்கு அறிவிப்பீர்கள், இரகசியம் என்ன ஆகும் என்று பக்கம் பக்கமாகப் பதில் எழுத வேண்டிவரும். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம், ஆகவே குழு கேட்பதிலும் நியாயம் உண்டு. மாணவர் ஆலோசகரின் தொடர்பு விபரம் தகவல் தாளில் எப்படியும் இருக்க வேண்டும். கற்பிக்கும் விரிவுரையாளரே படிவத்தை விநியோகிப்பதாக எழுதினால் திரும்பி வரும். வேறொருவர் கொடுப்பார், விரிவுரையாளர் வெளியே நிற்பார் என்று எழுதுங்கள். கூகுள் படிவம் என்றால் மின்னஞ்சல் சேகரிப்பை நிறுத்திவிட்டு, அந்தத் திரையின் படத்தையும் இணைத்துவிடுங்கள்.

பதில் கடிதத்தை மூன்று நிரல் அட்டவணையாகக் கொடுத்தது நல்ல பலன் தந்தது: குழுவின் குறிப்பு, நம் பதில், மாற்றிய பக்க எண். மாற்றங்களுக்கு மஞ்சள் அடித்த பிரதி ஒன்று, அடிக்காத பிரதி ஒன்று. கடிதம் வந்ததும் காலாவதித் திகதியைப் பாருங்கள், படிவங்களில் அனுமதி இலக்கத்தைப் போடுங்கள். குழு முத்திரை குத்தித் திருப்பித் தந்த சம்மதப் படிவம் எதுவோ அதைத்தான் போட்டோப் பிரதி எடுக்க வேண்டும்.

நாள் குறிக்கும்போது போயாவை ஒட்டிய வெள்ளிக்கிழமையையும் பரீட்சைக்கு முந்திய படிப்பு விடுமுறையையும் விலக்குங்கள். அந்த நாட்களில் மண்டபத்தில் இருப்பவர்கள் கொழும்பில் வீடு உள்ளவர்கள். ஹட்டனுக்கும் மட்டக்களப்புக்கும் பஸ் ஏறிவிட்டவர்களைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.