பத்து மீட்டர் இல்லாத வீடு

ஏப்ரல் 6, ஞாயிறு
10 மீட்டர் ஏர் பிஸ்டலை வீட்டிலேயே பழக இடம் அளந்தேன். அடுப்படிச் சுவரிலிருந்து வாசல்படி வரை டேப்பில் 7.40 மீட்டர். பெல்லட் பிடிக்கும் பெட்டிக்கு 40 செ.மீ., ஆள் நிற்க ஒரு மீட்டர். மிச்சம் 6. ஆனால் சுடும் கோடு 5-இல் போட்டேன். 10-இல் சரிபாதி என்றால் கணக்கு தலைவலி தராது.

ஏப்ரல் 7, திங்கள்
கடிதம் வரவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்
பாதித் தூரம் என்றதும் எல்லோரும் டார்கெட் அட்டையை 50 சதவீதத்துக்கு ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். நடுவிலுள்ள கறுப்பு வட்டம் வரைக்கும் சரி, 59.5 மி.மீ., 29.75 ஆகிறது. வளையம்தான் பொய் சொல்லும். 4.5 மி.மீ. பெல்லட் ஜெராக்ஸில் சுருங்காதே! கோட்டைத் தொட்டாலே மேல் மதிப்பெண். நிஜ அட்டையில் 10 வளையம் 11.5 மி.மீ.; பெல்லட்டின் நடு, மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் 10. பாதித் தூரத்தில் அது 4 ஆக வேண்டும். ஜெராக்ஸ் வளையமோ 5.75, அதாவது 5.1 வரை விட்டுக்கொடுக்கிறது. சரியான வளையம் 3.5 மி.மீ.; பெல்லட்டைவிடச் சின்னது.

குறைக்காத அட்டையை 5 மீட்டரில் மாட்டினால் கணக்கு அழகாக விழுகிறது. அங்கே 10 வாங்கினால் 10 மீட்டரில் குறைந்தது 9. அங்கே 9 என்றால் 7. 8 என்றால் 5. ஆனால் கறுப்பு கண்ணுக்கு இரண்டு மடங்கு. சைட்டுக்கும் (துப்பாக்கியின் குறிமுனை) கறுப்புக்கும் நடுவில் விடும் வெள்ளை இடைவெளிப் பழக்கம் கெட்டுப்போகும். ஆகாது.

ஏப்ரல் 9, புதன்
கண் கோட்டின்மேல் இல்லை! சுமார் 30 செ.மீ. பின்னால் இருக்கிறது. ஆக 5.3-ஐ 10.3-ஆல் வகுக்க வேண்டும். கறுப்பு 30.6 மி.மீ. மறுபடி ஜெராக்ஸ் கடை. "பாயிண்ட் அஞ்செல்லாம் மெஷின்ல வராதுங்க, 51 வச்சிக்கலாம்" என்றார். 30.3. சரி.

ஏப்ரல் 11, வெள்ளி
அட்டை மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் என்பது 10 மீட்டர் விதி. 5-இலும் அதே உயரத்தில் மாட்டினால் கை கூடுதலாகத் தாழும், தோள் பழகும் கோணமே வேறாகிவிடும். கண் உயரம் 1.55 என்றால் 5 மீட்டரில் மையம் 1.47. ஆணி 7 செ.மீ. மேலே போயிற்று.

அடுப்படிக் கதவுக்கு உள்தாழ்ப்பாள். பெட்டிக்குள் தகடு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்; நேராக நின்றால் ஈயம் திரும்பி வரும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு தடவைகூடச் சுடுவது கிடையாது. கை கழுவாமல் தட்டுவடை செட்டைத் தொடக்கூடாது.

ஏப்ரல் 14, திங்கள்
சித்திரை ஒன்று. சுடவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்
30.3, 30.6 என்று அலைந்ததில் பெரிய விஷயம் நழுவிவிட்டது. பிசகு இரண்டு வகை. சைட் நீளம் (முன் சைட்டிலிருந்து பின் சைட்டின் வெட்டு வரை) 320 மி.மீ.; முன் சைட் பின்வெட்டுக்குள் அரை மி.மீ. ஒதுங்கினால் 10 மீட்டரில் 16 மி.மீ. தள்ளும், 9-இன் விளிம்பு. 5 மீட்டரில் 8. அட்டையும் பாதி என்பதால் அதே 9. இதில் குறையில்லை.

ஆனால் சைட் நேராக இருக்க, கை மட்டும் அப்படியே 5 மி.மீ. நகர்ந்தால் எந்தத் தூரத்திலும் 5 மி.மீ.தான். 10 மீட்டரில் அது 10. 5 மீட்டரில் சரியாகச் சுருக்கிய 3.5 மி.மீ. வளையத்தில் 9. அதாவது பாதித் தூரம் கை ஆட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. பார்த்ததும் மனசு ஆட்டத்தை நிறுத்தப் பார்க்கும், விரல் காத்திருக்கும், நின்ற கணத்தில் வெடுக்கென்று இழுக்கும். வலக்கைக்காரருக்கு அது இடது கீழே விழும். போதாததற்கு 5 மீட்டரில் கறுப்பு கூடுதல் தெளிவு; கண் முன் சைட்டை விட்டு அதன்மேல் போய் உட்காரும்.

ஆகவே மதிப்பெண் 5-இல் எண்ணுவதில்லை. அட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கம். வெறும் சுவர் பார்த்து 40 ட்ரை (பெல்லட் போடாமல் ட்ரிகர் இழுப்பது), பிறகு வெள்ளை அட்டையில் 20.

ஏப்ரல் 16, புதன்
கடிதம் இல்லை. கரண்டும் இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு
ஏற்காடு. காப்பி கொட்டகையில் முழு 10 மீட்டர், ஒரு சென்டிமீட்டர் குறையாமல். இடப்பக்கம் மட்டும் ஜன்னல். பஞ்சுமேகம் வந்து போகும்போதெல்லாம் முன் சைட்டின் ஓரம் வெளுத்துக் கறுத்தது, குரூப்பிங் (அட்டையில் துளைகள் சேரும் கூட்டம்) பக்கவாட்டில் விரிந்தது. ஜன்னலுக்குச் சாக்கு கட்டியதும் சேர்ந்தது. கீழே சேலத்தில் பிடி வியர்வையில் வழுக்கும், இங்கே விரல் மரக்கும்.

வெள்ளை அட்டையில் 20, கறுப்பில் 40. இடது கீழ் இரண்டே.

ஏப்ரல் 22, செவ்வாய்
25 மீட்டர் பிஸ்டல் போட்டி (துல்லியச் சுற்று, வேகச் சுற்று) என்றால் மலைப்பு வேண்டாம். துல்லியச் சுற்றின் கறுப்பு 200 மி.மீ.; 10 மீட்டருக்குச் சுருக்கினால் 80. ஏர் பிஸ்டலுடையது 59.5தானே. 10 வளையமும் 20 மி.மீ.க்குச் சமம். கஷ்டம் தூரத்தில் இல்லை. உதைப்பிலும் 3 வினாடியிலும் 1000 கிராம் ட்ரிகரிலும் இருக்கிறது. (ஏர் பிஸ்டலுக்கு 500 போதும்.) மனு பாக்கர் பாரிஸ் ஒலிம்பிக்கில் 10-இல் வெண்கலமும் 25-இல் நாலாமிடமும் எடுத்தது ஒரே வாரத்தில்.

வேகச் சுற்றை வீட்டிலேயே ட்ரையாகப் பழகலாம். கறுப்பு 500 மி.மீ., 5 மீட்டருக்கு 100. இல்லை, கண்ணுக்கு 5.3, 25.3: 105. கை 45 டிகிரி தாழ்வில் 7 வினாடி, பிறகு 3 வினாடிக்குள் தூக்கி ஒரு க்ளிக். ஐந்து முறை ஒரு தொடர். கை பாதி வழி ஏறும்போதே ட்ரிகரின் முதல் அழுத்தம் ஏறிவிட வேண்டும். மேலே போய் ஆரம்பித்தால் 3 வினாடி போதாது.

ஏப்ரல் 23, புதன்
தபால்காரர் தெருவைத் தாண்டிப் போனார்.

ஏப்ரல் 25, வெள்ளி
அடுப்படிக் கதவைத் திறந்தால் பின்கட்டு வரை இன்னும் 2.80. மொத்தம் 10.20. வேண்டியது 11.40. பின்கட்டுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுத் துணிக்கொடி. கூடவே கூடாது.

ஏப்ரல் 26, சனி
மாடிப்படிக்கடியில் 1.10 இருக்கிறது. வாசல்படியைத் தாண்டி நின்றால்